விட்டுக்கொடுத்த முறைத் தண்ணீர்

தண்ணீரை மிச்சம் பிடிப்பது எப்படி என்று அஞ்சுகிராமம் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்க இலாகா என்னை அனுப்பியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. திருவிதாங்கூர்-கொச்சி காலம். மேற்கே வயலெல்லாம் தண்ணீரில் மிதக்கும். இங்கே குளம் நிறைவதே பெரும்பாடு. என்னிடம் கஞ்சி போட்ட சட்டை, ஒரு சைக்கிள், படித்த திமிர் மூன்றும் இருந்தன.

நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டாம், மண் ஈரமாக இருந்தால் போதும் என்பதுதான் என் பாடம். சாயாக்கடை முன்னால் அரை மணி நேரம் முழங்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், தலையாட்டிக்கொண்டே எழுந்தும் போனார்கள். ஒரு அக்கா மட்டும் நின்றார். கணவர் கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தார். பத்து மரக்கால் விதை விதைக்கிற சின்ன வயல்தான் அந்த வீட்டின் கஞ்சி.

“எனக்க வயல்ல செஞ்சு பாருங்க சார். நீங்க சொல்லுதபடி கேக்கேன்” என்றார்.

மாசியில் அறுக்கும் கும்பப்பூ அது; போகத்தை அங்கே பூ என்பார்கள். தை பிறந்ததும் குளம் வற்ற, எட்டு நாளுக்கு ஒருதரம் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அக்காவின் முறை வந்த அன்று மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். நல்ல ஈரம். “இந்தத் தடவை வேண்டாம், கீழ் வயலுக்கு விடுங்கள்” என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு வயலுக்குள் தண்ணீர் பாயும் வாமடையை வெட்டாமல் அடைத்தபடியே விட்டுவிட்டார். மறுநாள் இதைப் பெருமையாக அறிக்கையில் எழுதினேன்.

எட்டாம் நாள் வயலில் வெடிப்பு கண்டிருந்தது. கதிர் இன்னும் வெளிவராமல் பொதியில் இருந்தது. மண்வெட்டியோடு போன அக்காவை, குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் மடைக்காரர் தடுத்துவிட்டார். முறை வந்தும் வாமடை திறக்காத வயலுக்கு அந்தப் பூ முடியும்வரை தண்ணீர் கிடையாது. அதன் பங்கு கீழ் வயலுக்கு. ஊருக்கே தெரிந்த வழக்கம். அக்காவுக்கும் தெரியும்; இலாகா சார் சொன்னால் விலக்கு இருக்கும் என்று நம்பியிருக்கிறார். எனக்குத்தான் தெரியாது. ஈரத்தைப் பார்த்த நான் மடை வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மடைக்காரரிடம் போய்க் கத்தினேன்.

“நான் என்ன செய்ய சார்? வேண்டாம்னு விட்ட வயலுக்குத் திருப்பினா, வேணும்னு நிக்கவன் எனக்க கழுத்தப் பிடிப்பான்” என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இனி என்ன செய்யணும் சார்?” என்றுதான் கேட்டார். என் பயிற்சிக் குறிப்புகளில் அதற்குப் பக்கமே இல்லை. வெட்கமாக இருந்தது.

கீழ் வயல்காரரிடம் போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

“வழக்கம் தெரியாமலா ஓய் எங்களுக்குப் படிச்சுத்தர வந்தீரு?” என்று சிரித்தார். பிறகு வரப்பு முட்டத் தண்ணீர் நின்ற தன் வயலைப் பார்த்தார். அக்கா அவருக்கு மதினி முறை. “மைனிக்குள்ள தண்ணியும் சேந்துதான் கெடக்கு. மேல இறைச்சு ஏத்துவோம். நீரு ஒரு பக்கம் பிடியும்.”

மறுநாள் விடிந்ததும் இறைகூடை கட்டினோம். ஒரு பக்கக் கயிறு அவர் கையில், மறுபக்கம் என் கையில். நான் மிச்சம் பிடித்த தண்ணீரை நானே கூடை கூடையாக மேலே ஏற்றினேன். பாதி என் சட்டைக்கே பாய்ந்தது. மூன்று நாள் காலை இறைத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அக்கா அதற்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தந்தார்.

கதிர் வந்தது. ஆனால் பதர் கூடுதல். களத்தில் அவர் தூற்றும்போது பறந்து போனதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி இந்த ஊரில் என் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

அக்கா முறத்தை இறக்கி வைத்தார்.

“அடுத்த பூவுக்கும் எனக்க வயல்லயே செய்யுங்க சார். ஆனா முறை வந்தா நான் வாமடைய வெட்டிருவேன். ஒரு சாண் மட்டும். ஈரத்துக்கு அது போதும், மிச்சம் கீழ போவட்டு. முறையும் நமக்கே நிக்கும்.”

“வெட்டுங்கள் அக்கா” என்றேன். அன்றைய அறிக்கையில் அந்த ஒரு சாணைத்தான் எழுதினேன்.