கலர்காரர் மெருகேற்றிய தாள்

அவரைக் கலர்காரர் என்றுதான் தெருவே கூப்பிடும். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அழுது வடிகிற முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பூரிப்பாகப் பிரிண்ட் போட்டுத் தருவார். அதில் மனிதருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

புது பிரிண்டர் வந்ததும் தங்கையின் கணவர் அதற்குப் புரொஃபைல், அதாவது நிறம் பிசகாமல் அடிக்க வைக்கும் அளவுக் கணக்கு, போட்டுத் தர முன்வந்தார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், நிறம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கி இந்தத் தொழிலில் இறங்கியிருந்தார். முதல் வேலையே மச்சான் கடையில்தான். இது நல்லபடியாக அமைந்தால், பக்கத்துத் தெரு போட்டோ லேப் முதலாளி தன் மெஷின்களை எல்லாம் அவரிடமே விடுவதாகப் பேச்சு.

கட்டம் கட்டமாக நூற்றுக்கணக்கான நிறங்கள் கொண்ட சோதனைப் படத்தை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார்.

“இதை அப்படியே அடிங்க மச்சான். கலர் திருத்தம் எதுவும் ஆன்ல இருக்கக் கூடாது. மெஷின் தன் இஷ்டத்துக்கு எப்படி அடிக்குதுன்னுதான் நான் அளக்கணும். நல்லா காயவிட்டுக் கொடுத்தனுப்புங்க.”

“எனக்கே பாடமா மாப்பிள்ளை?” என்று சிரித்தார் கலர்காரர்.

சொன்னபடிதான் அடித்தார். தாள் சாயம் போன துணி மாதிரி வந்தது. நம் கடையிலிருந்து இப்படி ஒன்று வெளியே போவதா? மனசு கேட்கவில்லை. நிறத்தைத் தூக்கிக் காட்டும் வசதியை ஆன் செய்து மறுபடி அடித்தார். கட்டமெல்லாம் ஜொலித்தது. உயரம் அளக்கும்போது குதிகாலைத் தூக்கி நிற்கிற பிள்ளையின் வேலைதான் இது. அவருக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தத் தாளையே கொடுத்தனுப்பினார்.

புரொஃபைல் வந்தது. திருத்தங்களை அணைத்துவிட்டுப் போட்டோ அடித்தால் எல்லா முகமும் சோகை பிடித்துக் கிடந்தது. கலர்காரர் எகிறினார். வந்தவர் போனவரிடமெல்லாம் மாப்பிள்ளையின் கருவி டப்பா என்றார். லேப் முதலாளியிடமும் வாய் சும்மா இருக்கவில்லை.

விஷயம் காதுக்கு எட்டியதும் மாப்பிள்ளை பழைய தாளோடு வந்தார். லேப் முதலாளியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். மாப்பிள்ளை தானே உட்கார்ந்து, எல்லாத் திருத்தத்தையும் அணைத்து, அதே படத்தை அடித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மங்கல், ஒன்று ஜொலிப்பு. மெஷின் தானாகவே இப்படி ஜொலிக்க அடிக்கிறது என்று நம்பித்தான் புரொஃபைல் நிறத்தைக் குறைத்திருந்தது. மாப்பிள்ளை தலையைத் தூக்கிக் கலர்காரரைப் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது.

“என்னப்பா, எங்க தப்பு?” என்றார் லேப் முதலாளி.

 மச்சான் வாயைத் திறப்பார் என்று மாப்பிள்ளை காத்திருந்தார். கலர்காரர் குனிந்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். அவர் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

“அளக்கும்போது நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன் சார்,” என்றார் மாப்பிள்ளை.

“அப்போ என் மெஷினுங்க விஷயம்... பார்க்கலாம்ப்பா,” என்று லேப் முதலாளி படியிறங்கிவிட்டார்.

“ஏன் மாப்பிள்ளை அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டார் கலர்காரர்.

“விடுங்க மச்சான். நாளைக்கும் நீங்க இதே தெருவுல கடை நடத்தணும்.” புதுத் தாளைக் காயவைத்து, பிறகு அளந்து, சரியான புரொஃபைலைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். போட்டோ இப்போது அச்சு அசலாக வந்தது. அதை நிமிர்ந்து பார்க்கவே கலர்காரருக்குக் கூசியது.

கடையைப் பூட்டுகிற நேரத்தில் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, இவரு ஏதோ தப்பா அளந்துட்டாராமே? உன் பேரைக் கெடுத்துட்டோமேன்னு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. மனசுல வச்சுக்காதேண்ணா.”

இப்போதாவது சொல்லிவிடலாம். கலர்காரர் வாயைத் திறந்தார்.

“பரவாயில்லம்மா,” என்றார், பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறவரின் குரலில்.