யூனிட்டைப் பார்க்காதீர்கள்

கணக்கு வாத்தியார் வேலை என்பது, பிறக்காத ஆட்களை வைத்து இல்லாத குளத்தை வெட்டி, எத்தனை நாளில் முடிந்தது என்று தொண்டை கிழியக் கேட்கிற வேலை. புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடை மாடியில், அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் ஒன்பது வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் அதே தேர்வை நான்கு முறை எழுதித் தோற்றவன் என்பது வகுப்புக்குத் தெரியாது. வாத்தியார் வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களிடம் மறைப்பானேன்?

ஆறு ஆள், பத்து நாள்

ஆறு பேர் பத்து நாளில் வெட்டும் குளத்தைப் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்று கேட்டேன். "அஞ்சு" என்று வகுப்பே கத்தியது. செல்வராணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. இலுப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற தற்காலிக வேலை அவருக்கு. காலையில் தொட்டியை நிரப்பிவிட்டு பஸ் ஏறி வருவார். இந்தத் தேர்வை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் அரசு வேலை என்ற பேச்சே கிடையாது. அதனால் எதையும் மேம்போக்காக விடமாட்டார். என்னம்மா யோசனை என்றேன்.

"பன்னெண்டு பேரு வந்தாலும் மம்பட்டி ஆறுதானே சார் குடுப்பாக?"

போய்த் திரும்பும் படகு

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் போகும் படகு, எதிர் நீரோட்டத்தில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்? கோட்டைப்பட்டினத்து ரபீக் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து எழுப்பி நிற்க வைத்தேன். அவன் அண்ணன் மீன்பிடிக்கப் போன படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு மூன்று மாதம் ஆகிறது என்று எனக்குத் தெரியாது. அவனும் கோபப்படவில்லை, சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டான்.

"திரும்பி வரும்னு கேள்வியிலயே போட்டுட்டாகளே சார், அதை யாரு பாத்தது?"

பத்து நொடி

செல்வராணிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் லிட்டர், நிமிடம், மணி என்று பென்சிலால் எழுதிக்கொள்வார். விடை சரியாக வரும், நேரம்தான் போதாது. எங்கள் சென்டர் முதலாளிக்கோ ட்ரிக் வேண்டும். நானும் போர்டில் இருந்த யூனிட்டை எல்லாம் அழித்துவிட்டு, "யூனிட்டைப் பார்க்காதீங்க, எண்ணை வகுங்க, வர்ற விடை ஆப்ஷன்ல இருந்தா டிக் அடிங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். கேள்விக்குப் பத்து நொடி மிச்சம். செல்வராணி அப்போதும் பென்சிலை விடவில்லை. "இது பரீட்சைம்மா, மளிகை லிஸ்ட் இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ரப்பரை எடுத்து அழித்தார். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வாசலில் நின்று பார்த்த முதலாளி மட்டும் என் தோளைத் தட்டினார்.

"இப்பத்தான் சார் நீங்க கோச்சிங் வாத்தியார் ஆயிருக்கீங்க!"

முப்பதாயிரம் லிட்டர்

ரிசல்ட் வந்தது. பாஸானவர்கள் படம் போட்ட பிளெக்ஸை மாடிப்படியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வராணி அதைத் தாண்டி மேலே வந்தார். ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது என்றார். எந்தக் கேள்வி என்று நான் கேட்டிருக்கக் கூடாது. வினாத்தாளைப் பிரித்துக் காட்டினார்: முப்பதாயிரம் லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 250 லிட்டர் தண்ணீர் விழுகிறது, எத்தனை மணி நேரத்தில் நிறையும்? வகுத்தால் 120. ஆப்ஷனில் 120 இருந்தது, டிக் அடித்திருக்கிறார். அது நிமிடக் கணக்கு. சரியான விடை இரண்டு மணி நேரம், அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது.

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. வினாத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க ஊருத் தொட்டியும் அதே அளவுதான் சார். தெனமும் நாந்தான் மோட்டார் போடுறேன், ரெண்டு மணி நேரத்துல நெறைஞ்சுரும்னு எனக்குத் தெரியும். பரீட்சையில நீங்க சொன்னதை நம்பிட்டேன்."

சக வாத்தியார்களே, என் ட்ரிக்கால் செல்வராணிக்கு மிச்சமானது பத்து நொடி, போனது இருபத்தைந்து வருஷ அரசு சர்வீஸ். இந்தத் தடவை யூனிட் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.