திரும்பி வரவேண்டிய பொருள்

மதார் பாயை முதன்முதலில் பார்த்த அன்றே அவரோடு எனக்குச் சண்டை. இரண்டாம் முறையும் சண்டைதான். பதினோரு மாதத்தில் பத்தொன்பது தடவை அந்த வாசலுக்குப் போனேன், பத்தொன்பது தடவையும் அவர் என்னைத் திருப்பி அனுப்பினார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கத்துகிற ஆளாக இருந்தால் நாமும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

ஏரலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி வளாகம் இருக்கிறது. பெயரை எழுதினால் அதற்கும் அனுமதிக் கடிதம் கேட்பார்கள், வேண்டாம். இரண்டு ஆள் உயர மதில், மேலே முள்கம்பி, 'தடைசெய்யப்பட்ட பகுதி' என்று மூன்று மொழியில் பலகை. மனிதர்கள் படித்துவிட்டுத் தள்ளி நடப்பார்கள். நாய்க்கு எந்த மொழியும் தெரியாது. மதிலுக்கு அடியில் வாய்க்கால் நுழைகிற இடத்தில் அதுவும் நுழைந்துவிடும். உள்ளே கேண்டீன் எச்சில் கிடைக்கும், நிழல் கிடைக்கும், குட்டி போடும். எங்கள் கணக்குக்கு இருபத்துமூன்று நாய்கள்.

நானும் பாளையங்கோட்டையில் சிலருமாகச் சேர்ந்து தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவருகிறோம். ஒரு டாக்டர், ஒரு வேன், நாய் பிடிக்க இரண்டு பேர், அப்புறம் இந்தச் சித்ரலேகா, அதாவது நான். ஊர் தெருக்களில் வேலை செய்வது சுலபம். கதவு வைத்த இடங்கள்தான் கஷ்டம். அந்த வளாகத்தில் ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரையோ கூட்டிவந்து, கம்பியால் அடித்துப் பிடித்து, பாபநாசம் மலையடிவாரத்தில் கொண்டுபோய் நாய்களைக் கொட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் மனு எழுத ஆரம்பித்தேன்.

வெளியாட்கள் மனுக் கொடுக்க வேண்டியது மூன்றாம் வாசலில். பெரிய வாசல் அதிகாரிகளுக்கு. மூன்றாம் வாசல் ஆற்றுப் பக்கம், தண்ணீர் இறைக்கிற பம்ப் அறைக்கு அருகில். நாளைக்கு நாலு வண்டி வந்தால் அதிகம். அங்கே ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, அதில் காவலர் மதார். ஒல்லியான தேகம், வெள்ளைத் தாடி, சட்டையில் கழுத்துவரை பொத்தான்.

முதல் மனுவுக்கு, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று பதில். இரண்டாவதுக்கு, வலை, கத்தி, மருந்து ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. மூன்றாவதுதான் அருமையான பதில்: 'இவ்வளாகத்தில் நாய்கள் எவையும் இல்லை.' அந்தக் கடிதத்தை மதார் பாய் ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டியபோது, அவர் நாற்காலிக்கு அடியில் ஒரு செவலை நாய் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அது யாரு பாய்?" என்றேன்.

அவர் குனிந்து, இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நாய் இல்லன்னுதான எழுதியிருக்காவ. அப்ப இது நாயா இருக்காது."

சிரிக்கவே இல்லை மனிதர். எனக்குத்தான் சிரிப்பு வந்து கோபம் கெட்டுப்போனது. அன்றிலிருந்து மனுக் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்து வரத் தொடங்கினேன். எனக்கு வெளிப்பக்கம் ஒரு கல், அவருக்கு உள்பக்கம் நாற்காலி, நடுவில் கம்பிக்கதவு.

அந்த நாய்க்குப் பெயர் வைத்திருக்கவில்லை. "ஏளா" என்பார், வந்துவிடும். பொட்டை. வலது பின்னங்கால் முறிந்து கோணலாகக் கூடியிருந்தது, அந்தக் கம்பிக்காரர்கள் செய்த வேலை. அன்று தப்பி, பம்ப் அறைக் குழாய்க்கு அடியில் மூன்று நாள் கிடந்திருக்கிறது. மத்தியானம் அவர் தன் சோற்றில் பாதியைச் சிமெண்ட் மேடையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். அது வந்து தின்னும். தொடமாட்டார். நாயின் எச்சில் அவர்கள் முறைப்படி நஜீஸ், அசுத்தம். பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. ஆறு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தும் அவர் விரல் அதன்மேல் பட்டதில்லை.

ஏரலில் பள்ளிவாசல் சந்தில் அவருக்கு வீடு. மகள் அஃப்ரா கல்யாணமாகி ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வாள், பேரன் இரண்டு நிமிஷம் அரபியில் ஏதோ பாடிக் காட்டுவான், வைத்துவிடுவார்கள். மனைவி நஃபீஸத் இறந்து மூன்று வருஷம். அதை அவர் சொன்னது ஒரு ஏப்ரல் மத்தியானத்தில். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

கொரோனா இரண்டாம் அலை. காவலர்களைப் பதினாலு நாள் உள்ளேயே தங்கவைத்து வேலை வாங்கினார்கள். உள்ளே இருக்கிறவர் வெளியே போக அதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும்.

"ஒம்பதாம் நாளு காலைல அவ மவுத்தாயிட்டா. சீட்டு எழுதுத அதிகாரி தூத்துக்குடில கெடக்காரு, காய்ச்சல், ஃபோன எடுக்கல. வேற ஆளப் புடிச்சு, கையெழுத்து வாங்கி, நான் போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கிட்டாவ."

"இந்த வாசச் சாவி யார்கிட்ட இருந்துச்சு பாய்?"

"எங்கிட்டத்தான்" என்றார். "இதே பையில."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு பூட்டைத் திறக்க முடியாதா ஒரு மனுஷனால்? பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். நான் கேட்டதை அவர் மூன்று வருஷமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். அடக்கம் முடிந்து மறுபடி உள்ளே வந்து தனிமையில் இருந்த நாட்களில், மூன்றாம் வாசலில் அவரோடு இருந்த உயிர் அந்த நாய் ஒன்றுதான். ஐந்து நாளும் அது சோற்றைத் தின்னாமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்ததாம்.

இன்னொரு நாள், பழுது பார்க்கப் போயிருந்த மோட்டார் ஒன்றை ஏற்றிக்கொண்டு லாரி வந்து நின்றது. உள்ளே விடவில்லை. அங்கே இரண்டு வகைச் சீட்டு. வெள்ளைச் சீட்டில் போகிற பொருள் திரும்பி வராது, பழைய இரும்பு மாதிரி. ரோஸ் சீட்டில் போவது திரும்பி வரவேண்டிய பொருள். ரோஸ் சீட்டு எழுதினவரே, பொருள் வந்ததும் பார்த்து, இது அதுதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த மோட்டாருக்குச் சீட்டு எழுதினவர் மதுரையில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். லாரி ராத்தங்கல் போட்டது.

"பைத்தியக்காரச் சட்டமால்லா இருக்கு" என்றேன்.

"நல்ல சட்டம்மா. அனுப்புனவனுக்குத்தான வந்தத அடையாளம் தெரியும்?"

2024 மே மாதம் கேண்டீன் அருகே ஒரு குட்டி வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்ததும், வெறிநோயோ என்ற பயத்தில், இல்லாத நாய்கள் எல்லாம் திடீரென்று இருக்க ஆரம்பித்தன. எங்களுக்கு ஒரே ஒரு நாள் அனுமதி கொடுத்தார்கள், மே 31, வெள்ளிக்கிழமை. நாய்களை வெளியே கொண்டுபோய் அறுவைசிகிச்சையும் ஊசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதை அவர்களுக்குச் சட்டத்தை வரிவரியாகக் காட்டித்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன். அதே மே 31 மதார் பாய் ஓய்வு பெறுகிற நாள். முப்பத்தோரு வருஷ வேலை.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்களேன் பாய்" என்று அதற்கு முந்தின வாரம் சொல்லிப் பார்த்தேன்.

"நாய் கெடக்க வீட்டுக்கு மலக்குமாரு வரமாட்டாவம்மா. நஃபீஸத்து ஓதிக்கிட்டுக் கெடந்த வீடு அது." மலக்கு என்றால் வானதூதர்.

ஆக, அந்த நாய்க்கு இருக்கிற ஒரே இடம் மதிலுக்கு உள்ளே. பிடிபடாமல் விட்டுப்போனால், அடுத்த தடவை கம்பிக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது தடுக்க அவர் இருக்கமாட்டார்.

அன்று பதினொரு மணிக்குள் இருபத்திரண்டு நாய்களைப் பிடித்துவிட்டோம். அத்தனைக்கும் சேர்த்துப் பெரிய வாசலில் ஒரே சீட்டு. இது மட்டும் வலையைக் கண்டதும் அதே பழைய குழாய்க்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. நடுங்கி, கிடந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. எங்கள் ஆட்கள் நெருங்கினால் பல்லைக் காட்டியது.

மதார் பாய் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "வலைய அப்பால கொண்டு போங்க" என்றார். குழாய் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தார். "ஏளா. வா. பைய வா."

வந்தது. இரண்டு கையாலும் அதை அள்ளித் தூக்கினார். குழந்தையைத் தூக்கிப் பழகினவர் தூக்குகிற மாதிரிதான் இருந்தது. அது ஈரமும் சேறுமாக அவர் நெஞ்சில் ஒடுங்கி, கழுத்தை நக்கியது. நாற்பது அடி நடந்து வேனுக்குள் கூண்டில் வைத்தார். பிறகு ஜன்னலுக்குப் போய் ரோஸ் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். பெரிய வாசல் சீட்டில் ஒன்றைக் கூட்டி எழுதிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு, "இது என் வாசல் வழியா போவுது, நான்தான் எழுதணும்" என்றுவிட்டார். 'நாய், பெண், 1. செவலை. வலது பின்னங்கால் கோணல். திரும்பி வரவேண்டிய பொருள்.' கீழே கையெழுத்து.

அதன்பிறகு குழாயடிக்குப் போனார். ஆற்றுமண் ஒரு கை எடுத்துக்கொண்டார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"வெறுப்புன்னு நெனச்சிராதிய. எங்க முறை இது."

"தெரியும் பாய்."

கையை எண்ணி எண்ணிக் கழுவினார். கழுத்தைக் கழுவ மட்டும் தாமதித்தார். விரலை அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வைக்காமல் நிறுத்திக்கொண்டார். "அவ போனதுக்கப்புறம் எம்மேல யாரும் கைவச்சதில்லம்மா" என்றார். "பெருநாளைக்கு நாலு பேரு கட்டிப்பிடிப்பாவ. அதோட சரி." பிறகு கழுத்தையும் ஏழு தடவை கழுவினார். வேறு சட்டை மாற்றிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். சாயங்காலம் மாலை போட்டு, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

ஜூன் 5, புதன்கிழமை, நாய்களைத் திருப்பிக் கொண்டுவந்தோம். பெரிய வாசலில் இருபத்திரண்டை இறக்கிவிட்டு மூன்றாம் வாசலுக்கு வந்தால், மதார் பாய் கதவுக்கு வெளியே, நான் உட்காருகிற கல்லில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். ரோஸ் சீட்டை முடிக்க அலுவலகமே ஃபோன் செய்து வரச்சொல்லியிருக்கிறது. பத்து மணிக்கு வரச்சொன்னவர் ஏழு மணிக்கே வந்துவிட்டார் என்று எதிர்த்த டீக்கடையில் சொன்னார்கள்.

உள்ளே நாற்காலியில் பெருமாள்ராஜ், நாற்பது வயதுக்காரர், புதிதாக இங்கே மாற்றியிருக்கிறார்கள். சீட்டை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினார். "பாய், வேன்ல பாத்துட்டு இங்கனயே கையெழுத்துப் போட்டிருங்க. உள்ள விட எனக்கு உத்தரவு இல்ல. தப்பா நெனைக்காதிய."

பெருமாள்ராஜை நான் பிடித்துக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம் இருந்த மனுஷரை நாலடி உள்ளே விட்டால் நாடு கெட்டுவிடுமா என்று கேட்டேன். இன்னும் கேட்டேன், எழுத முடியாது.

"விடுங்கம்மா" என்றார் மதார் பாய். "அவரு செய்யுதது சரிதான்."

வேன் கதவைத் திறந்தோம். காதில் கருத்தடை அடையாள வெட்டோடு அது எழுந்து நின்று வாலால் கூண்டை அடித்தது. அவர் காலைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், அவசரமே இல்லாமல் பார்த்தார். 'திரும்பி வந்தது. இது அதுதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவு திறந்தது. வேன் உள்ளே போனது, கதவு மூடியது.

இறக்கிவிட்டதும் அது நேராக நாற்காலிக்கு ஓடி, பெருமாள்ராஜின் பூட்ஸை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. கம்பிக்கதவுக்கு வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம் அவர் நின்றார். பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டவில்லை, அதற்கும் சீட்டு வேண்டுமே. நான் வெளியே வந்ததும் என்னிடம் கொடுத்தார். பெருமாள்ராஜ் அதை ஜன்னல் வழியாக என் கையிலிருந்து வாங்கி, சீட்டு எதுவும் கேட்காமல், சிமெண்ட் மேடையில் பிரித்து வைத்தார். நாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சீட்டு நானே எழுதுவேன்னு நின்னேம்லா, எதுக்குன்னு தெரியுமா?" என்றார் மதார் பாய். "கையெழுத்துப் போட உள்ள விடுவாவன்னு நெனச்சிட்டேம்மா."

வாழ்நாளில் சட்டத்தை அவர் தனக்காகப் பயன்படுத்திப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கம்பிக்கு உள்ளே இருந்த நாயின் காது வெட்டைக் குனிந்து பார்த்தார்.

"அந்த ஊசி வருசா வருசம் போடணும்லா?" என்று கேட்டார்.

"ஆமா பாய்."

"ஒங்க வண்டில எத்தன பேருக்கு உள்ள போக அனுமதி?"

"நாலு பேரு."

"நான் நல்லாத் தூக்குவேன்" என்றார். "பாத்தியள்லா."

அடுத்த வருஷத் தடுப்பூசிக்கு இப்போதே மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளே வருவோர் பட்டியலில் முதல் பெயர் மதார், ஏரல். பணி என்ற இடத்தில் 'நாயைத் தூக்குபவர்' என்று எழுதியிருக்கிறேன். ஏழு வாரமாகிறது, இன்னும் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து அவர் பஸ் ஏறி வந்து அந்தக் கல்லில் உட்காருகிறாராம். சாயங்கால பஸ் வரும்வரை நாயும் கம்பிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறதாம். பெருமாள்ராஜ்தான் ஃபோனில் சொன்னார்.