நாலாம் நம்பர் ஓட்டு

தில்லி துவாரகாவில் இருக்கிற தமிழ் வீடுகளில் ஜகந்நாதன் சாரைத் தெரியாத வீடு இல்லை. ஆள் பெரிய அதிகாரியெல்லாம் கிடையாது. லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர், ஊர் அம்பாசமுத்திரம், வயது ஐம்பத்தெட்டு. ஆனால் தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால் மனுஷனுக்குக் கொம்பு முளைத்துவிடும். இருபத்தாறு வருடமாகத் தில்லியில் எந்தத் தேர்தல் வந்தாலும் அவருக்கு வாக்குச்சாவடி டியூட்டி உண்டு. முதலில் விரலில் மை வைக்கிறவராகப் போனவர், பிறகு சாவடிக்கே தலைமை அதிகாரி ஆகிவிட்டார். மற்றவர்கள் டியூட்டிக் கடிதத்தைப் பார்த்ததும் முதுகுவலி, பித்தப்பை என்று டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு ஓடுவார்கள். இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

அந்தப் பெருமையைக் கொட்டிவைக்க அவருக்கு வாய்த்த இடம் 'துவாரகா தமிழ்ச் சொந்தங்கள்' என்கிற வாட்ஸ்அப் குழு. நூற்றெண்பத்து மூன்று பேர். குழுவை நடத்துகிற கவிதா விமான நிலையத்தில் பெட்டி எடை போடுகிற கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். தில்லியிலேயே பிறந்த பெண். காலை எட்டு மணிக்கு ஒரு கேள்வி போட்டுவிடுவாள். இட்லிக்குச் சட்னியா, சாம்பாரா? மெட்ரோவில் 'கதவு இடப்பக்கம் திறக்கும்' என்று சொல்கிறாரே, அவர் வீட்டிலும் அதே குரலில்தான் சண்டை போடுவாரா? இப்படி ஏதாவது. ஒன்பது மணிக்குள் அறுபது பதில் வந்துவிடும்.

ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் அறிவித்ததும் கேள்விகள் அந்தப் பக்கம் திரும்பின. மை வைக்க இடது ஆள்காட்டி விரலே இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று ஒருத்தர் கேட்டார். 'அதே கையில் அடுத்த விரல். அந்தக் கையில் விரலே இல்லையென்றால் வலது கை' என்று ஜகந்நாதன் ஒரே நிமிடத்தில் பதில் போட்டார். நேற்றுத்தான் பார்லரில் நானூறு ரூபாய்க்கு நகப்பூச்சு வைத்தேன், அதன் மேலேயா மை வைப்பீர்கள் என்று ஒரு அம்மாள் அழாத குறையாகக் கேட்டாள். 'நாலு கோடி கொடுத்திருந்தாலும் வைப்போம் அம்மா' என்றார். கடைசியில், வழக்கம்போல, ஒரு போதனை: 'ஓட்டுப் போடாதவனுக்கு ரோட்டில் இருக்கிற குழியைப் பற்றிப் பேச வாய் கிடையாது.' நாற்பது பேர் கைதட்டினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி ஹாலில் அவரே வாக்குரிமை பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாடும் ஆயிற்று.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஜகந்நாதன் தன் வாழ்நாளில் ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை.

நம்ப முடிகிறதா? எனக்கும் முடியவில்லைதான். ஆனால் நடந்தது என்னவோ சாதாரண விஷயம். தில்லிக்கு வந்த புதிதில் பெயர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. ஒரு ஓட்டுக்காக இரண்டு நாள் ரயிலில் யார் போவது? பெயரை இங்கே மாற்றிய கையோடு டியூட்டி வந்துவிட்டது. டியூட்டிக்குப் போகிறவர்கள் தபால் ஓட்டுப் போடலாம், அதற்குப் பயிற்சி நாளில் படிவம் கொடுப்பார்கள். முதல் தடவை மற்றவர்களுக்கெல்லாம் படிவத்தை விநியோகம் செய்துவிட்டுத் தன்னுடையதைப் பையிலேயே வைத்து மறந்துபோனார். இரண்டாம் தடவை தேதி தாண்டிவிட்டது. மூன்றாம் தடவை அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம். நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற நாம் போய்க் கேட்பதா என்று பேசாமல் இருந்துவிட்டார். அவ்வளவுதான். வருடம் ஏற ஏறக் கேட்பதற்கு வெட்கமும் ஏறியது. ரிட்டயர் ஆனபிறகு நிம்மதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிவைத்திருந்தார்.

புதன்கிழமை காலை கவிதா வாக்கெடுப்பாகவே போட்டுவிட்டாள். 'பொய் சொல்லாம சொல்லுங்க, ஓட்டுப் போடுவீங்களா? ஒன்று: எல்லாத் தடவையும். இரண்டு: லீவு கிடைச்சா ரிஷிகேஷ். மூன்று: லிஸ்ட்ல என் பேரே இல்ல. நாலு: இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் போட்டதில்ல.'

ஜகந்நாதன் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தார். வெளியே பனிமூட்டம், உள்ளே ஒருத்தர் மேல் ஒருத்தர். நாலாவது வரியை இரண்டு தடவை படித்தார். எத்தனை வருடம்தான் ஒரு விஷயத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுவது! யாருக்குத் தெரியப்போகிறது என்று நாலாம் நம்பரைத் தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார். ஓட்டு என்றால் ரகசியம். இருபத்தாறு வருடம் அட்டை மறைப்பு வைத்து, எட்டிப் பார்த்தவனையெல்லாம் அதட்டி விரட்டிய மனுஷனுக்கு, பெயர் போட்டுக் காட்டுகிற ஓட்டும் உலகத்தில் உண்டு என்று கனவிலாவது தோன்றுமா?

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் கூட்டம் முடிந்து போனை எடுத்தால் தொண்ணூற்று நாலு செய்தி. விமானப் படையில் இருந்து ஓய்வுபெற்ற அந்தோணி எழுதியிருந்தார்: 'ஜகந்நாதன் சார், நாலாம் நம்பர்ல உங்க பேரு நிக்குது. கை தவறிப் பட்டுடுச்சா?' வாக்கெடுப்பின் அடியில் தட்டினால் யார் எதற்குப் போட்டார் என்று வரிசையாக வருகிறது. நாலாம் நம்பருக்குக் கீழே ஒரே ஒரு பெயர். பக்கத்தில் மப்ளர் சுற்றிய அவர் முகம்.

கீழே நல்லவர்கள் அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். போன் சின்னது, விரல் பெரிது என்றார் ஒருத்தர். சாரைப் போய்ச் சந்தேகப்படலாமா என்றார் இன்னொருத்தர். 'ஆமாம், கை தவறிவிட்டது' என்று மூன்று வார்த்தை எழுதினால் தீர்ந்தது. எழுதியும்விட்டார். அனுப்பப் போகையில் மனைவி வடிவிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்னங்க, குரூப்புல என்னமோ சொல்லுதாவளே. நெசமா?"

"அது வந்து வடிவு..."

"வந்தும் வேண்டாம், போயும் வேண்டாம். போட்டியளா, போடலியா?"

"போடல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படுகிற சத்தம். "அடப்பாவி மனுசா! காய்ச்சலோடகூட என்னைய வரிசையில நிக்க வச்சியளே! ஓட்டுப் போடாம சோறு கெடையாதுன்னு சட்டம் பேசினியளே!"

"தப்புதான். இப்ப என்ன செய்ய? கை தவறிட்டுன்னு எழுதிரவா?"

"எழுதுங்க. ஞாயித்துக்கெழம மேடையேறி அதையே நூறு பேருக்கு முன்னால சொல்லுங்க. அப்புறம் காலம் பூரா அதக் காவல் காத்துக்கிட்டு இருங்க. உள்ளதச் சொல்லிட்டு நிம்மதியா ஒறங்குங்களேன்."

ஜகந்நாதன் அழித்தார். மறுபடி எழுதினார். பழக்கதோஷம், அலுவலகக் குறிப்பு மாதிரியே வந்தது. 'பொருள்: நான் வாக்களிக்காதது. கை தவறவில்லை. மேற்படி தகவல் உண்மை. நான் இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. தபால் ஓட்டுப் படிவத்தை நிரப்பத் தெரியவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது. உங்களுக்குப் போதனை செய்ததற்கு மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும்.'

அனுப்பினார். குழு செத்துப்போன மாதிரி கிடந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எதிரே வைத்த டீயில் ஆடை படர்ந்துவிட்டது. அவர் தொடவில்லை. போச்சு, இனி மார்க்கெட்டில் தக்காளி வாங்கக்கூடத் தலைகுனிந்துதான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் அந்தோணிதான் வந்தார். 'சார், நான் சர்வீஸ்ல இருந்த இருபது வருசமும் போடல. அஸ்ஸாம், ஜோத்பூர், கார்நிகோபார்னு மாத்திக்கிட்டே இருந்தாங்க. வெளிய வந்தும் சோம்பேறித்தனம். ஒண்ணாம் நம்பரைத் தட்டினது சும்மா.' பின்னாலேயே நகப்பூச்சு அம்மாள்: 'நானும்தான். வரிசை நீளமா இருந்தா திரும்பிடுவேன்.' அப்புறம் கவிதாவே வந்தாள். 'அரே அங்கிள், சச்சி, நிஜமா சொல்றேன், எனக்கு எலெக்‌ஷன் அன்னிக்கெல்லாம் காலை ஷிப்ட். முடிஞ்சு வந்தா தூங்கிடுவேன். ஓட்டு வயசு வந்து ரெண்டு தடவையும் போச்சு. கேள்வி போட்டவளே பொய் சொல்லிட்டேன், ஸாரி!' நாலாம் நம்பரில் பெயர்கள் ஏற ஆரம்பித்தன. மூன்று, ஒன்பது, பதினேழு. சாயங்காலம் ஐந்து மணிக்கு முப்பத்தொன்று. அப்பாடா! ஜகந்நாதன் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று ஹிந்தியில் கேட்டார்.

'ஞாயிற்றுக்கிழமை நீங்கதான் பேசணும் சார், இனிமே வேற ஆளுக்கு என்ன அருகதை இருக்கு?' என்று அந்தோணி எழுதினார். கூடவே ஒரு கேள்வி: 'அந்தத் தபால் ஓட்டை எப்படித்தான் போடுறது?' இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஜகந்நாதனிடமிருந்து இப்படி ஒரு பதில்: 'தெரியாது. நாளை மறுநாள் பயிற்சி. கேட்டுச் சொல்கிறேன்.'

வெள்ளிக்கிழமை பயிற்சி மண்டபத்தில் போய்க் கேட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்கு அவர் மகள் வயது இருக்கும். அவர் பயந்த கட்டத்தில் பேனாவை வைத்து, இங்கே உங்கள் வாக்காளர் பட்டியல் எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான் சார்ஜி என்றாள். இதற்கா இத்தனை வருடம்! அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பேசியதும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான். இருபது நிமிடம், ஒரு போதனைகூடக் கிடையாது.

அடுத்த வாரம் இரண்டாவது பயிற்சி நாளில் ஓட்டுச்சீட்டு வந்தது. அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றார். சீட்டை விரித்தார். பேனா பிடித்த கை ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குறியிட்டார். மடித்தார், உறையில் போட்டு ஒட்டினார், பெட்டிக்குள் விட்டார். பின்னால் நின்றவர் தோளை இடித்து, "ஜல்தி பாயி சாப்" என்றார்.

வெளியே வந்து ஒரு டீ வாங்கிக்கொண்டு கடை ஓரம் நின்று வடிவுக்குப் போன் செய்தார்.

"போட்டுட்டேன் வடிவு."

"போட்டியளா!" அவள் குரலில் நிஜமான சந்தோஷம். "கை நடுங்குச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒவ்வொரு தடவையும் நடுங்கும். வந்ததும் உங்ககிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். மறுநா நீங்க வந்து, என் பூத்துல எத்தன சதவீதம்னு ஆரம்பிச்சிருவிய. நீ போய் நின்னியே, எப்படி இருந்துச்சுன்னு ஒருநாளாவது கேட்டியளா?"

ஜகந்நாதன் யோசித்துப் பார்த்தார். கேட்டதில்லை. கையில் இருந்த டீயைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இப்பக் கேக்கேன். மொதத் தடவ போனியே, அதுல இருந்து சொல்லு."