வாய் உள்ள பாரம்

“பட்டி?”

“இறுக்கியாச்சு ஐயா.”

“சில்லு?”

“பூட்டியாச்சு.”

“வழி?”

“வழியில பூனை படுத்திருக்கு.”

“கலைச்சு விடுங்கோ தம்பி. பூனையை வச்சுக்கொண்டு ஆரும் பாரம் தூக்குவினமோ?”

காலை ஆறரை மணி. லிங்கநகரில் தன் வீட்டு முன்னறையில், கட்டில் விளிம்பில் அமர்ந்தபடி ஹெக்டர் இடக்கைச் சுட்டுவிரலை மேலே நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம் போடுகிறார். அதுதான் உத்தரவு. அவரைப் பராமரிக்க வரும் முனீப் குனிந்து, அவருடைய இடுப்பைச் சுற்றியிருக்கும் அகலமான பட்டியை இரண்டு கையாலும் பிடித்து, எழுபத்தாறு கிலோ மனிதரை எழுப்பித் திருப்பிச் சில்லுக் கதிரையில் இறக்குகிறார். இறங்கியதும் ஹெக்டர் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார். வேலை முடிந்தது என்று அர்த்தம். பூனை திரும்பி வந்து பழைய இடத்திலேயே படுத்துக்கொள்கிறது.

ஹெக்டர் முப்பத்துநாலு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சீமெந்து, இரும்பு, மரம், ஒருமுறை ஒரு முழு பஸ் என்று அவர் தூக்கி இறக்காத பொருள் இல்லை. “என்ர கொக்கிக்குக் கீழ ஒருத்தன்ர நகம்கூட நசியேல்லை” என்பது அவருடைய பட்டமும் பதக்கமும். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் சும்மா இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டு போனது. வாயையும் சேர்த்துத்தான் கோணலாக்கியது. ஆனால் வாயை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களோடு தினமும் இரண்டு மணி நேரம் வாதாடி ஆறு மாதத்தில் பேச்சைத் திரும்பப் பிடித்துவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எழுபத்தொரு வயதுப் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

அவரோடு பழகுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. கஞ்சி ஆறியிருந்தால் குடிக்கமாட்டார். சாரத்தை வேறொருவர் கட்டிவிட்டால் இடக்கையால் அவிழ்த்து, பத்து நிமிடம் மல்லாடித் தானே கட்டுவார். துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் எல்லோரும் கதையை நிறுத்த வேண்டும். கப்பல் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று அவர் தீர்ப்புச் சொன்ன பிறகே மிச்சக் கதை. அவருக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால், அவர் தலைக்கு மேலால் மகளிடம் “பேஷன்ட் சாப்பிட்டாரோ?” என்று கேட்பதுதான். “பேஷன்ட் நித்திரை. எழும்பினாப் பிறகு கேளுங்கோ” என்று கண்ணை மூடாமலே பதில் வரும்.

மகள் றொஷானி பாடசாலை ஆசிரியை. ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியவள். ஆகவே நகரில் இருக்கும் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிலையத்தில் அப்பாவைப் பதிந்திருந்தாள். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி ஓர் ஆள் வருவார். வந்தவர் எழுப்ப வேண்டும், கழுவ வேண்டும், கதிரையில் இருத்த வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு படிவம், அதில் பன்னிரண்டு கட்டங்கள். வேலை முடிய ஒவ்வொன்றிலும் சரி போட்டு வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவது முறை. முதலில் வந்தவர்களில் ஒருவர் படலையடியில் ஓட்டோவுக்குள் இருந்தே பன்னிரண்டு சரியையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். சரி போட்ட பிறகு வேலையும் செய்தாரே, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு காலை, அவசரத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். ஹெக்டர் “பொறுங்கோ, கை...” என்று சொல்ல வாயெடுக்கும்போதே ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். உணர்வு குறைந்த வலக்கை கட்டில் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. தோள் மூட்டு விலகியது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கை தூளியில் தொங்கியது. அன்றைய படிவத்தில் “பாதுகாப்பாக இடம்மாற்றப்பட்டார்” என்ற கட்டத்தில் அழகான சரி. குறிப்பு என்ற இடத்தில் “நோயாளி ஒத்துழைக்கவில்லை”. அதற்குக் கீழே றொஷானியின் கையெழுத்து. பிள்ளைகளின் கொப்பியில் போடுவதுபோல, வாசிக்காமலே தினமும் போட்டுக்கொண்டிருந்த கையெழுத்து. வைத்தியசாலை வாங்கில் உட்கார்ந்து அதை வாசித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அப்பா அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பது இன்னும் வலித்தது.

தோள் ஆறி வீட்டுக்கு வந்த நாளில் ஹெக்டர் சட்டம் போட்டார். “துறைமுகத்தில தூக்கு எண்டு சொல்ல ஒராளுக்குத்தான் உரிமை. நில் எண்டு சொல்ல ஆருக்கும் உரிமை. அங்க சாமான் கதைக்காது, அதால சிக்னல்காரன் வேணும். இஞ்ச நான்தான் சாமான். எனக்கு வாய் இருக்கு. நான்தான் சிக்னலும்.”

வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களை அவர் தூக்க விடவில்லை. எட்டு மாதத்தில் ஏழு பேர் மாறினார்கள். எட்டாவதாகக் கிண்ணியாவில் இருந்து, பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர் முனீப். வயது நாற்பது. முன்பு மீன் லொறி ஓட்டியவர். பட்டி, சில்லு, வழி என்ற மூன்று கேள்விக்கும் அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். பிறகு தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

“விரலக் காட்டக்குள்ள என்ட முகத்தப் பாருங்க ஐயா. ஜன்னலப் பாத்துக்கொண்டு காட்டினா நான் தூக்கமாட்டன்.”

ஹெக்டருக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. “மகள்! சிக்னல் தெரிஞ்ச மனுசன் ஒருத்தன் வந்திட்டான்!” என்று குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

சந்தோஷம் இரண்டு மாதம் நீடித்தது. மூன்று கேள்வி, மூன்று பதில், ஒரு பூனை எல்லாம் சேர்ந்து காலையில் பத்து நிமிடத்தைத் தின்றன. முனீப் அடுத்த வீட்டுக்குத் தினமும் பிந்தினார். நிலையத்தில் இருந்து கடிதம் வந்தது. “ஒத்துழைக்காத பயனாளி” என்ற காரணத்தால் மாத முடிவோடு சேவை நிறுத்தப்படும். இதே வேலைக்கு ஆள் அனுப்பும் வேறிடம் பக்கத்தில் இல்லை. றொஷானி வேலையை விட வேண்டும். அல்லது அப்பாவை வேறு மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். அவள் இதைச் சொல்லத் தயங்கி நிற்க, அவரே சொன்னார்: “என்னை ஏத்தி அனுப்பிறதெண்டால், எந்தத் துறைமுகத்துக்கு எண்டாவது முதல்ல சொல்லுங்கோ.” பகிடி போலத்தான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. தொண்ணூறு அடி உயரத்தில், சோளகக் காற்றில் ஆடும் கூண்டுக்குள் பயமில்லாமல் இருந்த மனிதர் அந்த ஒற்றைத் தாளுக்குப் பயந்துபோனார்.

இரண்டாம் நாள் பயம் கோபமாக மாறியது. “எழுதுங்கோ மகள்” என்றார். அவர் சொல்லச் சொல்ல றொஷானி நாலு பக்கம் எழுதினாள். தோளின் படத்தையும் பழைய படிவத்தின் பிரதியையும் வைத்தாள். ஐந்தாவது பக்கத்தை அவளே எழுதினாள்: தூக்கப்பட்டவரைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டேன், அது என் பிழை. நிலையத்தின் பதிவைப் புதுப்பிக்கும் நேரம் அது. அந்த வேலைக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர் நிப்லாவின் மேசைக்கு ஐந்து பக்கமும் போயின.

ஒரு புதன்கிழமை மாலை நிப்லா வந்தார். கூடவே நிலையத்தின் மனேஜர் சோமசேகரம், கைக்குள் ஒரு தடித்த கோவையோடு. ஹெக்டர் சாய்மனைக் கதிரையில் இருந்தார், சில்லுக் கதிரை கட்டிலடியில் சும்மா நின்றது. முனீப் சுவரோரம் நின்றார். நிப்லா ஒரு சின்ன வாங்கை இழுத்து, ஹெக்டரின் கண் மட்டத்துக்குத் தாழ இருந்து, “நீங்களே சொல்லுங்கோ” என்றார். தலைக்கு மேலால் கதைக்காத ஓர் அதிகாரியைக் கண்டதில் ஹெக்டருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

சோமசேகரம் கெட்டவர் அல்ல. நிமிடங்களைக் கட்டி மேய்ப்பவர். “முப்பத்தொரு வீடு மிஸ். வீட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் கடைசி ஆள் மத்தியானம் வரைக்கும் ஈரத்தில கிடப்பார். அதையும் யோசிக்கவேணும்” என்றார். அதில் நியாயம் இருந்தது. ஹெக்டரே தலையாட்டினார். ஆட்டிவிட்டுச் சொன்னார்: “அப்ப ஒருக்கா நீங்கள் படுங்கோ மனேஜர். உங்கட முறையிலேயே தூக்கட்டும். நல்லா இருந்தால் நான் வாயை மூடுறன்.”

சோமசேகரம் சிரித்தார். நிப்லா சிரிக்கவில்லை. “படுங்கோவன் சேர். எனக்கும் உங்கட முறையைப் பாக்கவேணும்.”

உத்தியோகத்தர் சொன்ன பிறகு என்ன செய்வது? மனேஜர் சப்பாத்தைக் கழற்றினார். இடது கால்மேசில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். றொஷானி ஒரு துவாயால் அவருடைய வலக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டினாள். “வலக்கையும் வலக்காலும் இனி உங்களிட்ட இல்லை” என்றார் ஹெக்டர். முனீப்பின் முகம் வெளுத்துவிட்டது. சம்பளம் தரும் மனிதரை எப்படித் தூக்குவது? அவர் நிப்லாவைப் பார்த்தார். நிப்லா தலையசைத்தார்.

“எங்கட நிலையத்தின்ர தரத்தைப் பற்றிச் சொல்லுறதெண்டால் மிஸ்...” என்று சோமசேகரம் கூரையைப் பார்த்துத் தொடங்கினார். தரம் என்ற சொல் வாயை விட்டு வெளியே வந்த கையோடு உடம்பும் கட்டிலை விட்டு வெளியே வந்துவிட்டது.

“டேய் பொறு பொறு! சொல்லிப்போட்டுத் தூக்கடா!”

முனீப் அவரைப் பக்குவமாகக் கதிரையில் இறக்கிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். நிப்லா பேனையைத் திறந்தார்.

“என்ன சொன்னனீங்கள் சேர்? திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ, எழுதவேணும்.”

தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும். சோமசேகரம் கட்டிய கையோடு சில்லுக் கதிரையில் இருந்தார். துவாயை அவிழ்க்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. பிறகு தணிந்த குரலில், “மெய்யாவே பயந்திட்டன்” என்றார். ஹெக்டர் சிரித்திருக்கலாம். அவருக்கு அந்த உரிமை இருந்தது. “ஓம். எனக்கும் அப்பிடித்தான்” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் கிழமை பதிவு புதுப்பிக்கப்பட்டது, நிபந்தனைகளோடு. “இடம்மாற்றப்படும் ஒவ்வொரு தடவையும் பராமரிப்புப் பெறுபவருக்கு முன்னரே அறிவித்து அவரது சம்மதம் பெறப்படல் வேண்டும், அவர் நிறுத்துமாறு கோரின் உடனடியாக நிறுத்தப்படல் வேண்டும், படிவத்தில் அவரே ஒப்பமிடல் வேண்டும்.” சொல்லிப்போட்டுத் தூக்கு என்பதை அரசாங்கத் தமிழில் சொல்ல அவ்வளவு இடம் பிடிக்கிறது. வருகை நேரம் முக்கால் மணியில் இருந்து ஒரு மணியாகியது. அதற்காக நிலையம் இன்னும் மூன்று பேரை வேலைக்கு எடுத்தது. சேவையை நிறுத்தும் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஹெக்டர் இனி எங்கும் போக வேண்டியதில்லை.

றொஷானி நிபந்தனைகளை வாசித்துக் காட்டினாள். இன்னொரு தரம் என்றார். அதன் பிறகும் இன்னொரு தரம் என்றார். மூன்றாம் தரம் முடிந்ததும் ஜன்னல் வழியே தெருவுக்கே கேட்கும்படி, “வெண்டிட்டம்!” என்று கத்தினார். பக்கத்து வீட்டில் யாரோ கிரிக்கெட் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அன்று மாலை அந்த ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டுக்கும் லிங்கநகர்ச் சந்தியில் இருந்து கேக் போனது.

செய்தி முனீப்பின் மோட்டார் சைக்கிளில் ஏறி ஊர் சுற்றியது. உவர்மலையில் பேச்சே இல்லாத ஒரு கணக்கு வாத்தியார் கட்டில் சட்டத்தை மோதிர விரலால் ஒருமுறை தட்டினால் நில் என்று ஏற்பாடு. கிண்ணியாவில் ஓர் அம்மா முதல் நாள் ஏழு தரம் நில்லு என்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, “மூணு வருஷமா நான் சொல்லி ஒருத்தரும் நிக்கல்ல. நிக்கிறாங்களா எண்டு பாத்தன்” என்றாராம். முனீப் வந்து இதைச் சொன்னபோது ஹெக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். முப்பத்தொரு வீட்டில் முப்பத்தொரு பேர் இப்போது தங்கள் உடம்புக்குத் தாங்களே சிக்னல் காட்டுகிறார்கள். கொக்கியில் ஒரு பஸ் தொங்கிய நாளில்கூட அவர் இவ்வளவு பெரிய ஆளாகத் தன்னை உணர்ந்ததில்லை. அதை வாய்விட்டும் சொல்கிறார்.

இப்போது நிலையத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாள் இந்த வீட்டுக்கு வர வேண்டும். ஒருவரைத் தூக்கும் முன் ஒருதரம் தூக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. போன மாதம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யார் முதலில் படுப்பது என்று வெட்கப்பட்டு நின்றார்கள். அவர்களைக் கூட்டிவந்த சோமசேகரம் சப்பாத்தைக் கழற்றிக் கதவோரம் வைத்தார். வலக்கையைத் தானே உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்தார்.

ஹெக்டர் இடக்கையால் சில்லைத் தள்ளித் தள்ளிக் கட்டில் தலைமாட்டுக்கு வந்தார். மனேஜரின் தலையணை ஒரு பக்கம் சரிந்து, கழுத்து மடிந்திருந்தது. அதைச் சரிசெய்யக் கையை நீட்டினார். ஒரு சாண் தூரத்தில் கையை நிறுத்திக்கொண்டார்.

“தலையணையைக் கொஞ்சம் உயர்த்தட்டோ மனேஜர்?”

சோமசேகரம் “ஓம்” என்று சொல்லும் வரைக்கும் அந்தக் கை அந்தரத்திலேயே காத்து நின்றது.