மணல் மூட்டைகளோடு முறுக்கிய கார்

பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டு வாழப்பாடியில் தையல் கடை வைத்துப் பிழைக்கிற நான் காரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் தேய்ந்து கருகும் வாடை எங்கிருந்தாவது வந்தால் இன்றும் என் கால் தானாகவே மிஷினை நிறுத்திவிடுகிறது. அதற்கான காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை இருந்தது. பள்ளிபாளையத்து மில் முதலாளி ஒருவர், பின் அச்சு முறிந்து ஷெட்டில் கிடந்த தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை 'எடுத்துக்கிட்டுப் போப்பா' என்று அப்பாவிடம் தள்ளிவிட்டார். இரண்டே பேர் உட்காரக்கூடிய வெளிநாட்டு வண்டி. அது வந்த நாளிலிருந்து அப்பா சாப்பிட வருவதும் குறைந்தது, பேசுவதும் குறைந்தது. கடைசியில் ஒருநாள் அம்மா, "அந்த வண்டிகூடவே குடும்பம் பண்ணுங்க. அது ஓடற அன்னைக்கு அதுலயே வந்து கூப்புடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பள்ளிக்கூடத்துக்காக விட்டுவிட்டு, வாழப்பாடியில் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா கோபத்தில் சொன்னதை அப்பா அப்படியே எடுத்துக்கொண்டார்.

அந்த அச்சுக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. மரத்தில் மோதி முன்பக்கம் நசுங்கிய வேறொரு ஸ்போர்ட்ஸ் காரின் பின்பாகம்தான் சேலத்தில் கிடைத்தது. லாரியில் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் கோத்திருக்கும், ஒன்று குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். இதிலோ ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி 'கை', அந்தக் கைகள் அசையும் இடத்திலெல்லாம் 'புஷ்' என்கிற ரப்பர் வளையம். பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்த சித்தப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, ஒண்ணு ஒரு பக்கம் போவுது, இன்னொண்ணு வேற பக்கம் போவுது. நம்ம ஊட்டாட்டமே இருக்குதுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா போய்க் கை கழுவிக்கொண்டார்.

அந்தப் பின்பாகம் எங்கள் காரைவிட அகலம். அப்பா அந்தச் சக்கரக் கைகளைத் தாங்கும் பிடிகளை லாரித் தகட்டில் வெட்டி உள்ளே தள்ளிப் பற்றவைத்தார், சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை லேத்தில் கொடுத்துக் குறைத்தார். எல்லாம் பொருந்திய அன்று, பட்டறையில் புது லாரிக்குச் செய்கிற வழக்கப்படி 'மூட்டை வைக்க' மணல் கொண்டுவரச் சொன்னார். சுமையை ஏற்றி ஒரு ராத்திரி நிறுத்திவைத்து, காலையில் சுமையோடேயே எல்லா போல்ட்டுகளையும் இறுக்கி முறுக்குவது எங்கள் பக்கத்து லாரிக்காரர்களின் முறை. மூட்டைகளை ஒவ்வொன்றாகக் காரில் வைத்துக்கொண்டே, "இது உங்கம்மா. இது நீயி. இது பொட்டி" என்றார் அப்பா. நான் அம்மாவின் மடியில் உட்கார்ந்து வரவேண்டும் என்று ஏற்பாடு. அதற்கும் மேலே, லாரிக்காரர் புத்தி, இன்னும் சில மூட்டைகளை அடுக்கினார்.

காலையில் முறுக்கி, மூட்டைகளை இறக்கி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். வருகிறோம் என்று வாழப்பாடிக்கு முன்பே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தோம். சேலம் தாண்டும்வரை அப்பா மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டு வந்தார். அயோத்தியாப்பட்டணத்தை நெருங்கும்போது அந்த வாடை வந்தது.

பின்சக்கரம் ஒன்று மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, டயர் பாடியில் உரசிக்கொண்டிருந்தது. டீக்கடையிலிருந்து ஒருவர், "ஏம்ப்பா, வண்டி நெறமாசமா? இப்படிக் காலை அகட்டிக்கிட்டு நிக்குதே" என்றார். அப்பா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கிழிந்த கறுப்பு ரப்பர்த் துண்டோடு வெளியே வந்தார். லாரியின் இரும்புப் பட்டை வில்லுக்கு அந்த முறை சரி. இங்கே ரப்பர் சுமை ஏறிய நிலையிலேயே இறுகிவிட்டது. சுமை இறங்கியதும் முறுக்கிக்கொண்டு, குழிக்குக் குழி கிழிந்திருக்கிறது.

"காருக்குத் தகுந்த சுமையில முறுக்கியிருக்கோணும்" என்றார், என்னிடம் அல்ல.

வாழப்பாடி பஸ் வந்து நின்றது. "பஸ்ஸுல போயிரலாங்கப்பா, பக்கந்தானுங்க" என்றேன்.

"வண்டியில வாரேன்னு சொல்லியாச்சு சாமி. பஸ்ஸுல போயி எறங்குனா உங்கம்மா என்ன நெனப்பா?"

பஸ் போய்விட்டது. தெரிந்த லாரி ஒன்று எங்களைக் கயிறு கட்டி நாமக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனது. அன்று இருட்டும்வரை வாசலிலேயே நின்றதாக அம்மா பல வருடங்கள் கழித்து ஒரே ஒரு தடவை சொன்னாள்.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. கார் பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டதாகச் சித்தப்பா சொன்னார். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அயோத்தியாப்பட்டணத்தில் அந்த டீக்கடையும் இல்லை; பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போது எனக்குத் தனியாக ஒன்றும் தோன்றுவதில்லை.

கயிறு கட்டித் திரும்பி வந்த அன்றைக்கு மறுநாள் காலை அம்மா பெட்டியோடு பஸ்ஸில் வந்து பட்டறை முன்னால் இறங்கினாள். அப்பா காருக்கு அடியில் இருந்தார், கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "ஏங்க, வந்திருக்கேங்க" என்றாள். கால்கள் அசையவில்லை. அம்மா உள்ளே போய் என் துணிகளை அந்தப் பெட்டியிலேயே எடுத்துவைத்து, என்னைக் கூட்டிக்கொண்டு வாழப்பாடிக்கே திரும்பப் பஸ் ஏறினாள்.