அமாவாசை இல்லாத அட்டவணை

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சேலத்தில், லாரிகளுக்கும் போர்வெல் ரிக் வண்டிகளுக்கும் ஜிபிஎஸ் டிராக்கிங் செய்து தரும் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொரோனா காலத்திலிருந்து மோகனூரில் எங்கள் வீட்டிலிருந்தே செய்துவந்தேன்.
2. இந்த வருடம், எல்லோரும் தினமும் ஆபீஸ் வரவேண்டும் என்று மெயில் வந்தது.
3. அதற்குள் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. நாமக்கல்லில், செவ்வாய், வியாழன், சனி, காலை முதல் ஷிப்ட். அம்மா இல்லை. நான்தான் கூடப் போகவேண்டும். ஒருமுறை தனியாகப் போய்வந்தவர், பிரஷர் இறங்கி பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டார்.
4. சனி எங்களுக்கு விடுமுறை. செவ்வாயும் வியாழனும் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து லேப்டாப்பில் வேலை, மற்ற மூன்று நாள் ஆபீஸ் என்று அட்டவணை போட்டு அனுப்பினேன்.
5. பதில் வரவில்லை. எனக்கு முன்னால் இப்படிக் கேட்ட இன்னொரு பெண்ணுக்கு ரிலீவிங் ஆர்டர்தான் வந்தது.

அந்த நாட்களில் போன் அடித்தாலே, வேலை போய்விட்டதோ என்று பயந்துகொண்டுதான் எடுப்பேன். இந்தச் சம்பளம் நின்றால் அப்பாவின் மருந்தும் நிற்கும். வேறு வழி எதுவும் எங்களிடம் இல்லை.

மேனேஜர் கேட்ட கேள்வி

ஒருநாள் ஆபீஸில் டீ குடிக்கும்போது மேனேஜர் சதீஷ் சார் மெதுவாகக் கேட்டார். "அட்டவணை நல்லாத்தான் இருக்குது. அடுத்த அமாவாசை வியாழக்கிழமை வருதே, பாத்தியா?"

பார்க்கவில்லை. அரசு விடுமுறை, மெயின்டனன்ஸ் நாள் எல்லாம் குறித்திருந்தேன். அமாவாசையை விட்டுவிட்டேன்.

எங்கள் முதலாளி ரிக் வண்டி ஓட்டி மேலே வந்தவர். அமாவாசைக் காலையில் ஆபீஸில் பூசை. வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அன்றைக்கு யாரும் லீவு கேட்பதில்லை. சர்வர் ரேக்குக்கும் பொட்டு உண்டு. குங்குமத்தூளை ஃபேன் இழுத்துக்கொள்ளும் என்பதால், வீட்டிலிருந்து வேலை செய்தபோதும் அன்றைக்கு மட்டும் ஆபீஸ் போய், சந்தனத்தைக் குழைத்து நானே வைப்பேன்.

அப்பாவும் ரிக் வண்டி டிரைவராக இருந்தவர்தான். சொன்னதும் தலையில் கைவைத்தார்.

"அமாவாசைப் பூசைக்கு நிக்காத டிரைவருக்கு ஒருத்தனும் சாவி குடுக்க மாட்டான் சாமி. அன்னிக்கு ஒரு நாள் நானே போய்க்கறேன்."

"பஸ் ஸ்டாண்டுல உழுந்தது மறந்துபோச்சுங்களாப்பா?"

"உழுந்தா எந்திரிச்சுக்கறது."

கேபினில்

மறுநாள் முதலாளியின் கேபினுக்கு நானே போனேன். சொல்லவேண்டியதை மூன்று பாயிண்டாக மனப்பாடம் செய்திருந்தேன். உள்ளே போனதும் ஒன்றும் நினைவில் இல்லை.

"உக்காரு சாமி. மெயில் பாத்தேன்" என்றார். "வண்டில ரெண்டு டிரைவர் இருந்தாத்தான் ஒருத்தன் தூங்க முடியும். நீ இல்லாதப்ப ஸ்டியரிங் யாருகிட்ட?"

"என் ஜூனியர் பிரகாஷ்கிட்டங்க சார். எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கறேன்."

"செரி. அமாவாசைக்கு மட்டும் பூசைல நின்னுட்டுப் போயிரு."

"முடியாதுங்க சார். அப்பாவுக்கு முதல் ஷிப்டு. மாத்திக் குடுக்க மாட்டேங்கறாங்க."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் 'முடியாது' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் மேஜைமேல் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "போன் அடிச்சா எந்த வண்டி எங்க கவுந்துச்சோன்னுதான் எடுக்கறேன். எல்லாரும் பூசைல நின்னாத்தான் அடுத்த அமாவாசை வரைக்கும் எனக்குத் தூக்கம்."

போனுக்குப் பயப்படுகிற ஆள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"மூணு அமாவாசை வரைக்கும் உன் அட்டவணைப்படி ஓட்டிப் பாக்கலாம். அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அந்த வியாழக்கிழமை

அப்பா மிஷினில் இருந்தார். நான் வராந்தாவில் லேப்டாப்போடு இருந்தேன். ரேக் சூடாகிறது என்று அலர்ட் வந்தது. பின்னாலேயே பிரகாஷ் கூப்பிட்டான்.

"அக்கா, சாம்பிராணியோட சர்வர் ரூமுக்குள்ள வந்துட்டாங்க. அலாரம் அடிக்குது. ஏசி நின்னுபோச்சு."

புகை வந்தால் ஏசி தானாக நிற்கும்படிதான் தீ அலாரம் பேனலை அமைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லிவைக்கத் தோன்றவில்லை.

"சட்டிய வெளிய கொண்டு போகச் சொல்லு. கதவத் தொறந்து ஃபேன் வை."

"சட்டி முதலாளி கைல இருக்குதுங்க்கா."

"அவருகிட்டயே சொல்லு."

இங்கிருந்தபடி அவசரமில்லாத சர்வர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். டிராக்கிங் சர்வரை மட்டும் ஓடவிட்டேன். சூடு ஏறிக்கொண்டே இருந்தது. அதுவும் நின்றால் ரோட்டில் இருக்கும் வண்டி ஒன்றுகூட ஸ்கிரீனில் தெரியாது. அந்த நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். "அப்பாவுக்கு பிரஷர் எறங்குதுங்க. உள்ள வாங்க."

லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸ் கால் பக்கத்தை உயர்த்தி, சலைன் கொடுத்தார். அப்பாவின் நெற்றி வியர்த்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி நின்னுபோச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா. ஓடுது."

புகை அடங்கியதும் பிரகாஷ் ரீசெட் அமுக்கினான், ஏசி வந்தது. அப்பாவின் பிரஷரும் மெல்ல ஏறியது.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு முதலாளி கூப்பிட்டார். திட்டவில்லை. "ஏஞ்சாமி, நீ இங்க இருந்திருந்தா சாம்பிராணிய உள்ளார உட்டிருக்க மாட்ட" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

அது பாராட்டா, என் அட்டவணைக்கு எதிரான சாட்சியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எந்த நாள் உங்களுக்கு வேண்டும் என்று கேட்பதற்கு முன், எந்த நாளை எதிரில் இருப்பவரால் விட்டுத்தர முடியாது என்று விசாரித்துவிடுங்கள்.

இப்போதைய நிலவரம் இது. எழுத்தில் எதுவும் வரவில்லை. மூன்று அமாவாசையில் ஒன்று முடிந்திருக்கிறது. அடுத்தது வெள்ளிக்கிழமை, ஆபீஸில் இருப்பேன். அதற்கடுத்தது ஞாயிறு, அன்றும் போய் நிற்பேன். சர்வர் ரூம் கதவில் 'சாம்பிராணி இதுவரை மட்டும்' என்று பிரகாஷ் ஒட்டியிருக்கிறான். முதலாளி அதைக் கிழிக்கவில்லை. நாளை செவ்வாய். அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் போகிறேன்.